தூரிகைக்குக் கூலி தருவது யார்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்து இல்லங்களில் ஒரு வழக்கு விசாரணை நடைபெறுகிறது. பொறியியல் படிக்க விரும்பும் மகன் விசாரணையின்றியே விடுவிக்கப்படுகிறான். கணினி படிக்க விரும்பும் மகளும் அவ்வாறே. ஓவியமோ சிற்பமோ கற்க வேண்டும் என்று வாய் திறக்கும் பிள்ளை மட்டும் கூண்டில் ஏற்றப்படுகிறது. "அது சோறு போடுமா?" என்பதே அப்பிள்ளையின்மேல் சாட்டப்படும் குற்றம்.

இக்கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிக்கும் கலையன்பர்கள் உளர். கலையைக் காசால் அளப்பது இழிவு என்பது அவர்தம் கட்சி. கேள்வி எழுமுன்னரே விடை எழுதி முடித்துவிட்டவர்களும் உளர். கலை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு, உழைத்துண்ணும் வீட்டுக்கு அது ஆகாது என்பது இவர்தம் கட்சி. இவ்விரு சாராரோடும் நமக்கு உடன்பாடில்லை. கேள்வி நேர்மையானதே. ஆனால் அது தவறான ஆளிடம் கேட்கப்படுகிறது. பதினேழு வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. அக்கல்விக்கு விலை குறிப்போரிடமும், கலைஞனின் உழைப்பைப் பெற்றுக்கொண்டு கூலியைக் குறைப்போரிடமும் கேட்டாக வேண்டும். இவ்விரண்டாம் வரிசையில் அரசும் நிற்கிறது. நம் ஆலயங்களும் நிற்கின்றன.

கணக்குப் பார்ப்பது பாவமன்று

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் பொருள் உண்டா என்று கணக்கிட வேண்டாமா என ஆண்டவர் இயேசுவே கேட்டதாக லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரம் கூறுகிறது. ஆதலின் கணக்குப் பார்க்கும் பெற்றோரை உலகப் பற்றுடையோர் என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டா. நாமும் அவர்களோடு அமர்ந்து கணக்கிடுவோம்.

ஒரு தனியார் நிறுவனத்தில் நான்காண்டு ஓவியப் பட்டம் பெற மொத்தம் பத்து லட்சம் ரூபாய் கடன் வாங்கப்படுகிறது என்று கொள்வோம். இத்தொகை கணக்குக்காக நாம் கொள்வது. இதனினும் மிகுதியாகக் கேட்கும் நிறுவனங்கள் அண்டை மாநகரில் உண்டு. ஆண்டுதோறும் இரண்டரை லட்சமாக நான்கு தவணைகளில் கடன் வழங்கப்படுகிறது. வட்டி நூற்றுக்குப் பத்து. படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. எனினும் வட்டி உறங்குவதில்லை. முதல் தவணைக்கு ஐந்தாண்டு, அடுத்தவற்றுக்கு முறையே நான்கு, மூன்று, இரண்டு ஆண்டுகள் என்று தனிவட்டி மட்டும் மூன்றரை லட்சம் சேர்கிறது. ஆக, முதல் தவணை கட்டும் நாளில் கடன் 13.5 லட்சமாகி நிற்கும். அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் ஏறத்தாழ 17,840 ரூபாய் கட்ட வேண்டும்; முடிவில் செலுத்தியிருப்பது 21.4 லட்சம். பதினைந்தாண்டுகளுக்கு நீட்டினால் மாதத் தவணை 14,500 ரூபாயாகக் குறையும்; மொத்தமோ 26 லட்சத்தைத் தாண்டும். பதினெட்டு வயதில் கையெழுத்திட்ட பிள்ளை முப்பத்தெட்டு வயதில்தான் கடனிலிருந்து எழும்.

இக்கடனுக்குப் பிணை யாது? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தின்படி நான்கு லட்சம் வரை பிணை வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரை மூன்றாம் ஆளின் உத்தரவாதம் போதும். அதற்கு மேற்பட்டால் சொத்துப் பத்திரம் வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மானாவாரி நிலமோ, பர்கூர்ப் பக்கத்து மாந்தோப்போ அடகுக்குப் போகும் இடம் இதுவே. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம் பிணையற்ற கடனுக்கு வழி திறந்துள்ளது உண்மை. ஆயின் அது தேசியத் தரவரிசையில் முன்நிற்கும் நிறுவனங்களுக்கு உரியது. பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் தனிப்பிரிவு வைத்துள்ள அத்தரவரிசையில் ஓவியக் கல்விக்கெனத் தனிப்பிரிவு இல்லை. எண்ணப்படாதது எங்ஙனம் முன்நிற்கும்?

எல்லைக்கோடு செய்த விந்தை

இக்கணக்கு நம் வட்டாரத்தில் இன்னும் கூர்மை பெறுகிறது. ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். அத்திப்பள்ளியைத் தாண்டினால் மாநகரின் புறப்பகுதி. சென்னையோ முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கும்பகோணமும் அருகிலில்லை. கண்காட்சிகளும் ஓவியக் கூடங்களும் பெங்களூரில் உள்ளன. 1960இல் தோன்றிய கர்நாடகச் சித்திரகலா பரிஷத் சனவரித் திங்களில் நடத்தும் ஓவியச் சந்தையில் சாலையோரமே கலைக்கூடமாகிவிடுகிறது. கண்ணுக்கு எட்டும் தொலைவில் உள்ள அவ்வுலகம் நம் பிள்ளையை இழுப்பதில் வியப்பில்லை. ஆனால் எல்லைக்கோட்டைக் கடந்தவுடன் அப்பிள்ளை வெளிமாநிலத்தவனாகிறான். தமிழக அரசின் கட்டணச் சலுகைகள் பல அவனுக்குப் பின்தங்கிவிடுகின்றன. அவனுக்காகக் கதவு திறந்து காத்திருப்பவை பெரும்பாலும் மிகுந்த கட்டணம் கேட்கும் தனியார் நிறுவனங்களே.

தூரத்தில் உள்ளதோ மலிவானது. அதேவேளை பெருமை மிக்கது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. தேவிபிரசாத் ராய் சவுத்ரி அதன் முதல்வராக விளங்கினார். மெரினாக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். பாறையைப் பெயர்க்கும் தொழிலாளர் நால்வரைத் தமிழகத்தின் கண்முன் நிறுத்தியவர் ஓர் ஓவிய ஆசிரியர் என்பதைத் தொழிற்சாலைச் சங்கொலியில் கண்விழிக்கும் ஊரார் நினைவிற்கொள்ள வேண்டும். கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி உண்டு. இவற்றின் ஆண்டுக் கட்டணம் தனியார் நிறுவனம் கேட்பதில் சிறு துளி. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022இலும் மாணவருக்கு 2024இலும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகைத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. ஆகவே, கலை படிப்போர் கடனாளியாவது விதியன்று. கடனின்றிப் படிக்க வழியிருந்தும் அதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை என்பதே குறை. தனியாரின் விளம்பரப் பலகை நெடுஞ்சாலையெங்கும் நிற்கிறது. அரசுக் கல்லூரியின் நுழைவுத் தேர்வு நாளோ நம் பள்ளித் தலைமையாசிரியர் பலருக்கும் தெரிவதில்லை.

கூலியைக் குறைத்தவர் யார்?

"கட்டணம் குறைவாயினும் வருமானம் எங்கே?" என்பது அடுத்த வினா. இங்கேதான் நாம் உரத்துப் பேச வேண்டியுள்ளது. கலை சோறு போடவில்லை என்று சொல்வது, தச்சன் செய்த நாற்காலியில் அமர்ந்துகொண்டு கூலி தராமல், தச்சு வேலைக்கு வருவாய் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அரசைப் பாருங்கள். 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். நிலையான பணி கேட்டு அவர்கள் மீண்டும் மீண்டும் தெருவில் இறங்கிப் போராடியபின், படிப்படியாக ஏறி 2024இல் அது 12,500 ரூபாய் ஆனது. மேலே நாம் போட்ட கணக்கை இதனருகில் வையுங்கள். பதினைந்தாண்டுக் கடனின் மாதத் தவணையே 14,500. பன்னிரண்டு ஆண்டு அனுபவம் பெற்ற ஓவிய ஆசிரியரின் முழு ஊதியத்தையும் வங்கியில் கொட்டினாலும் தவணை தீராது. அவர் பட்டினியிருந்தாலும் தீராது. இது கலையின் குற்றமா? ஓவியத்தைப் பாடத்திட்டத்தில் எழுதி வைத்துவிட்டு, அதைக் கற்பிப்பவரை வாரத்தில் மூன்று அரைநாள் ஆளாக வைத்தவர் குற்றமா?

சந்தையைப் பாருங்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கடைப்பலகை எழுதியும், சுவர் விளம்பரம் தீட்டியும், திரையரங்கத் தட்டி வரைந்தும் குடும்பம் காத்த ஓவியர்கள் முன்பு இருந்தனர். ஃபிளக்ஸ் அச்சு வந்தபின் சில ஆண்டுகளிலேயே அத்தொழில் சாய்ந்தது. கைத்திறன் அவர்களிடம் குறையவில்லை. வாங்குவோர் மனம் மாறியது.

இதற்கு மாறாக, நம் ஊர்த் தொழிற்சாலைகள் தரும் பாடம் வேறு. 1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து உருவாக்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் கடிகாரம் செய்கிறது; நகையும் செய்கிறது. கடிகாரம் நேரம் காட்டுவதற்கு என்பது பாதி உண்மை. நேரம் காட்டும் கருவி கைப்பேசியில் இலவசமாய்க் கிடைக்கும் காலத்திலும் ஒருவர் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கடிகாரம் வாங்குவது அதன் முகத்துக்காக அன்றோ? நகையின் விலையில் பொன் ஒரு பங்கு, கைவேலை மறு பங்கு. 1980 முதல் ஓசூரில் உருளத் தொடங்கிய இருசக்கர வண்டிகளையும் எண்ணுங்கள். வண்டியின் பொறி எத்துணை நன்றாயினும், அதன் தொட்டியின் வளைவும் விளக்கின் வடிவும் கண்ணைக் கவராவிடில் விற்பனையாகாது. வாகன வடிவமைப்பில் களிமண்ணால் மாதிரி செய்து பார்க்கும் வழக்கம் இன்றும் உலகில் உண்டு. ஆக, வடிவம் காணும் கண்ணுக்கு இத்தொழில் நகரம் அன்றாடம் பொருள் தருகிறது. அக்கண் பெரும்பாலும் வேற்றூரிலிருந்து வருகிறது. நம் பிள்ளைகள் பூட்டாணி முடுக்கும் வரிசையில் ஒப்பந்தத் தொழிலாளராய் நிற்கின்றனர். வரைதல் சோறு போடாது என்று நாம் நம் பிள்ளைகளுக்கு மட்டுமே சொல்லி வந்ததன் விளைவு இது. மல்லப்பாடிப் பாறையில் வெண்ணிறத்தில் குதிரை வீரரைத் தீட்டிய கைகளும், கிருஷ்ணகிரி மாவட்டமெங்கும் நடுகற்களில் வீரரைச் செதுக்கிய கைகளும் இம்மண்ணின் கைகளே என்பதை மறந்துவிட்டோருக்கு வேறெப்படித் தோன்றும்?

ஆலயத்தின் முன் ஒரு கேள்வி

விடுதலைப் பயண நூலில் இறைவன் ஒரு கைவினைஞனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். பெட்சலேல் என்பது அவன் பெயர். இறை ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று விவிலியம் அவனைச் சுட்டுகிறது. அவன் செய்ததோ பொன்வேலை, வெள்ளிவேலை, கல்வேலை, மரவேலை. பிறருக்குக் கற்பிக்கும் ஆற்றலும் அவனுக்கு அருளப்பட்டது. கூடாரப் பணிக்கு மக்கள் கொண்டுவந்த காணிக்கை தேவைக்கும் மிஞ்சியதால் மோசே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. கலைஞனிடம் ஆவியும் இருந்தது. அவன் முன் பொருளும் குவிந்தது. நம்மிடையே முதலாவதைப் புகழ்வோர் பலர்; இரண்டாவதை நினைப்போர் சிலர்.

திருச்சபையின் போதனை இதில் ஐயத்துக்கு இடமின்றி உள்ளது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, கலைஞர்பால் ஆயர்கள் அக்கறை கொள்ள வேண்டும் என்றும், பயனுள்ள இடங்களில் திருக்கலைப் பள்ளிகள் நிறுவப்பட வேண்டும் என்றும் கூறிற்று. 1964இல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் கலைஞரைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், மலிவான நகல் படங்களை நாடிச் சென்றதைத் திருச்சபையின் பிழையாகவே குறிப்பிட்டார். 1999 உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கலைஞர்களுக்கெனத் தனி மடல் எழுதினார். நம் அண்டையிலேயே முன்னோடிகள் இருந்தனர். தமிழகம் தந்த அருட்தந்தை அமலோற்பவதாஸ் பெங்களூரில் 1967இல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையம் இந்தியக் கலைக்கு ஆலயத்துள் இடம் தந்தது. பெங்களூரில் பிறந்து சென்னைக் கல்லூரியில் பயின்று அதன் முதல்வராகவும் விளங்கிய அல்போன்சோ அருள்தாஸ் இயேசுவைத் தம் வண்ணங்களில் மீண்டும் மீண்டும் தியானித்தார்.

இவ்வளவும் இருக்க, நம் பங்குகளில் நடப்பது யாது? புதிய ஆலயம் எழுகிறது. பளிங்குக்கும் மின்விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் விலைப்புள்ளி கேட்டுப் பணம் தரப்படுகிறது. சுரூபத்துக்கு மட்டும் விலைப்பட்டியலைப் புரட்டி, அச்சில் வார்த்த ஃபைபர் உருவம் வாங்கப்படுகிறது. சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளும் அச்சிட்ட படங்களாய் வந்திறங்குகின்றன. கெபிக்கும் குடிலுக்கும் கொடியில் புனிதரின் உருவம் தீட்டவும் ஊர் இளைஞன் ஒருவன் அழைக்கப்படுகிறான். வேலை முடிந்தபின் அவனுக்குப் பொன்னாடையும் சாப்பாடும் வாழ்த்தும் கிடைக்கின்றன. "ஆண்டவருக்குச் செய்கிறாய், தம்பி" என்பார்கள். மின்பணியாளரிடம் அப்படிச் சொல்வதில்லை. வேலையாள் தன் கூலிக்கு உரிமையுடையவன் என்ற ஆண்டவரின் சொல் தூரிகை பிடித்தவனுக்குப் பொருந்தாதோ? உபயக்காரர் பெயர் பளிங்கில் பொன்னெழுத்தால் பொறிக்கப்படுகிறது. தீட்டியவன் பெயர் எங்கும் இல்லை.

மாமல்லபுரத்தில் சிற்பம் பயின்றோர் பலர் தம் கலையால் வாழ்கின்றனர். அங்கே முதல்வராய்ப் பணியாற்றிய கணபதி ஸ்தபதி வடித்த வள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டு முதல் குமரிமுனையில் நிற்கிறது. அக்கல்லூரிப் பட்டம் சோறு போடுவது எதனால்? தமிழகத்திலும் கடல் கடந்தும் கோவில்கள் எழுகின்றன. அவற்றை எழுப்புவோர் ஸ்தபதியைத் தேடி வந்து கூலி பேசி முன்பணம் தருகின்றனர். கொடுக்கும் சமுதாயம் இருக்குமிடத்தில் கலை தொழிலாகிறது. இவ்வெளிய உண்மையை நம் சகோதர சமயத்தாரிடம் கற்றுக்கொள்வதில் நமக்கு இழுக்கில்லை.

கடனுக்கு மாற்று கூட்டுறவு

"இவை நடைமுறைக்கு ஒவ்வா" என்பார்க்குச் சோழமண்டலத்தைக் காட்டுவோம். சென்னைக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவரும் 1960களில் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டனர்: பட்டம் பெற்றபின் பிழைப்பது எங்ஙனம்? அவர்கள் வங்கிக்குப் போகவில்லை. மெழுகுச் சாயத் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து கூட்டாக விற்றனர். அவ்வருவாயில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் நிலம் வாங்கி, 1966இல் கலைஞர் கிராமத்தை நிறுவினர். பகலில் ஒரு பொழுது விற்பனைக்கான கைவேலை, மறு பொழுது தம் ஓவியம் என்று வாழ்ந்தனர். கலை வணிகத்துக்கு அடிமையாகவுமில்லை. கலைஞர் கடனுக்கு அடிமையாகவுமில்லை. பட்டம் தர இயலாத பாதுகாப்பை நட்பும் நிலமும் தந்தன.

ஆகவே, நாம் வேண்டுவன இவை. ஓவியக் கல்வி விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் மாணவர் எவ்வளவு கடன் பட்டனர், படித்து முடித்த சில ஆண்டுகளில் எவ்வளவு ஈட்டினர் என்பதை வெளியிட வேண்டும். அமெரிக்க அரசு 2015இல் கல்லூரிவாரியாகவும், 2019 முதல் பாடவாரியாகவும் இவ்விவரங்களை மக்கள்முன் வைத்தது. நம்மால் ஏன் இயலாது? இவ்விவரத்தைத் தர மறுக்கும் நிறுவனத்தை நம்பி நிலப்பத்திரத்தை எடுக்க வேண்டா என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். மகனையோ மகளையோ தடுக்க வேண்டா, கடனைத் தடுங்கள்.

1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமான நம் தருமபுரியின் பள்ளிகள், கணிதத் தேர்வு நெருங்கும்போது ஓவிய வகுப்பைப் பலியிடும் வழக்கத்தை விட வேண்டும். ஓவிய ஆசிரியருக்குப் பிற ஆசிரியருக்கு நிகரான ஊதியம் தர வேண்டும். பிரான்சில் 1951 முதல் அரசுக் கல்விக் கட்டடச் செலவில் நூற்றில் ஒரு பங்கு கலைப்படைப்புக்கென ஒதுக்கும் விதி வழங்குகிறது. மத்திகிரியிலோ எலத்தகிரியிலோ இனி எழும் ஒவ்வொரு ஆலயத்துக்கும் பள்ளிக்கும் அவ்விதியை நாம் ஏன் ஏற்கலாகாது? ஒரு கோடியில் கட்டப்படும் ஆலயத்தில் அது ஒரு லட்சம். இவ்வட்டாரத்து இளங்கலைஞர் ஒருவருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும் முன்பணமும் அத்தொகையில் அடங்கும். சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ செல்லும் ஏழை மாணவரின் விடுதிச் செலவைப் பங்குகள் பகிர்ந்துகொண்டால், அது திருவிழா வாணவேடிக்கைச் செலவுக்கு மிகாது.

பட்டத்தையும் கடனையும் தராசில் வைத்து நிறுக்கும் உலகம், தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று நோக்குவதில்லை. அக்கை அரசினுடையதாகவும், நிறுவனத்தினுடையதாகவும், பங்கினுடையதாகவும் இருக்கிறது. கலைஞனின் தட்டில் கூலியை வைக்காமலே அத்தட்டு தாழவில்லை என்று தீர்ப்புச் சொல்வது நீதியன்று. அடுத்த சுரூபத்துக்கு விலைப்பட்டியலைத் திறக்குமுன், நம் பங்கில் வரையத் தெரிந்த பிள்ளை யார் என்று பங்குப் பேரவை ஒருமுறை கேட்கட்டும். கூலி எவ்வளவு என்று அடுத்துக் கேட்கட்டும்.